ஏழாம் நம்பர் காத்து

அவ நெஞ்சுக்குள்ள ஒரு பூனை குடியிருக்குன்னு முதல்ல சொன்னது அவ அண்ணன்தான். சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு. மூச்சை உள்ள இழுக்கறப்ப ஒண்ணும் தெரியாது. வெளிய விடறப்ப கர்ர்ருனு ஒரு சத்தம், அது வால்ல தொங்கிக்கிட்டு மெல்லிசா ஒரு விசில். அன்னிலேர்ந்து வீட்ல எல்லாருக்கும் அவ பூனை. பள்ளிக்கூடத்துல வேற பேர் இருக்கு, இல்லாம இல்ல. ஆனா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவளே கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்பிப் பாப்பா.

பூனைக்கு இப்ப பதினாறு வயசு. பல்லிக்கு பயம் கிடையாது, பரீட்சைக்கு பயம் கிடையாது. அவ பயப்படறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். அவ மூச்சுச் சத்தத்துக்கு. பஸ்ல பக்கத்துல யாராச்சும் வந்து உக்காந்தா துப்பட்டாவ எடுத்து வாயை மூடிக்குவா. சளி பிடிச்சிருக்கு போலன்னு அவங்க நகர்ந்து உக்காருவாங்க. அவளுக்கும் அதுதான் வேணும்.

இந்தக் கதை எங்க ஆரம்பிச்சுதுன்னா, அவ அப்பாகிட்டதான்.

அப்பாவோட வேலையே சத்தம் பண்றது. கம்ப்யூட்டர் கேமுக்கு சத்தம் செஞ்சு குடுக்கறவர். ஆபீஸ்ல அவருக்கு 'சவுண்டு'ன்னு பட்டப்பேரு. வீட்ல கேட்ட கேள்விக்கே பாதி பதில்தான் வரும், அந்த மனுஷனுக்குப் போய் சவுண்டுன்னு பேரு! அம்மா இதை நெனச்சு நெனச்சு சிரிப்பாங்க. "எங்க வீட்டு சவுண்டு மியூட்ல இருக்கு"ன்னு கண்ணாடிக்கடையில கூட வேலை பாக்கறவங்ககிட்ட சொல்லுவாங்களாம்.

ஆனா அவர் கையில மைக் குடுத்துட்டா ஆளே வேற. பழைய ஃபிரிட்ஜு முதுகுப் பக்கம் மைக்க ஒட்டி வெச்சு அந்த உறுமல எடுப்பாரு. அதான் ராக்கெட் இன்ஜின். ஈரப் போர்வைய மொட்டை மாடியில ரெண்டு பேர் பிடிச்சு உதறணும். அதான் புயல். எவர்சில்வர் கிண்ணத்துல கொஞ்சம் தண்ணி ஊத்தி உள்ள கோலிகுண்ட உருட்டுவாரு. கப்பல் தரையில இறங்கற சத்தம் ரெடி. பூனையும் அண்ணனும் எத்தனையோ ஞாயித்துக்கிழமை போர்வை உதறியே வளந்தவங்க.

இப்படி வருஷக்கணக்கா ஃபிரிட்ஜயும் போர்வையும் சேத்து அவர் சத்தம் போட்ட கேமுக்குப் பேரு 'கரையில்லா வானம்'. சின்ன கம்பெனி, பெரிய ஆசை. எண்ணவே முடியாத அளவுக்கு கிரகம். எந்தக் கிரகத்துல வேணா இறங்கலாம், நடக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கம்பெனி முதலாளி அப்பாவவிட ரொம்ப சின்னவர். எல்லாரும் பாஸ்னுதான் கூப்பிடுவாங்க. விளம்பரத்துல அவரே வந்து கேமராவப் பாத்து ஒண்ணு சொன்னாரு: "ஒவ்வொரு கிரகத்துலயும் உனக்காக ஒண்ணு காத்துக்கிட்டிருக்கும்." சொன்ன விதத்துல பூனைக்கே புல்லரிச்சுது.

கேம் வெளிய வந்துச்சு. ஜனங்க இறங்கிப் பாத்தாங்க. என்ன காத்துக்கிட்டிருந்துச்சு? கல்லு.

சில கிரகத்துல செவப்புக் கல்லு, சில கிரகத்துல நீலக் கல்லு. அவ்ளோதான்.

அண்ணனுக்குக் கொண்டாட்டம். காலேஜ் போறவன், வாய்க்குப் பூட்டே கிடையாது. சாப்பிடறப்ப போன வெச்சுக்கிட்டு ஜனங்க திட்டி எழுதினத ஒவ்வொண்ணா படிப்பான். "அப்பா, இத கேளுங்க. 'என் வாழ்க்கை மாதிரியே பெருசா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல.' இது எப்படி? 'கல்லு பாக்கணும்னா எங்க தெருவுக்கே போயிருப்பேனே.'"

"சத்தத்தப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்காங்களா?"ன்னு அப்பா தட்ட விட்டுத் தலைய தூக்காம கேட்டாரு.

"'சத்தம் சூப்பர், மத்ததெல்லாம் காலி டப்பா'ன்னு ஒருத்தன் போட்டிருக்கான்."

அப்பா இன்னொரு வாய் சோறு எடுத்துக்கிட்டாரு. அது சிரிப்புதான், அவர் கணக்குல.

அந்த 'காலி டப்பா' அப்படியே ஒட்டிக்கிச்சு. திட்டறவங்க எல்லாரும் டப்பா கோஷ்டி ஆயிட்டாங்க. ஆனா இன்னொரு பக்கம் வேற மாதிரி ஒரு கூட்டம் இருந்துச்சு. அவங்களுக்கு அந்த வெறுமையே பிடிச்சிருந்துச்சு. "வீட்ல எட்டுப் பேரு, எனக்குன்னு ஒரு மூலை கிடையாது. இங்க ஒரு கிரகமே எனக்கு"ன்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. பூனை அத ரெண்டு தடவை படிச்சா. ரெண்டு கோஷ்டியும் அடிச்சுக்கிட்ட அடி இருக்கே, பங்காளிச் சண்டை தோத்துடும். பாஸுக்கு தினமும் கொலை மிரட்டல் வரும். ரசிச்சவங்களுக்கு 'மூளையில்லாதவன்'னு பட்டம் வரும்.

பூனையும் விளையாடினா. அப்பா சத்தம் கேக்கறதுக்காக. ஒரு சாயந்தரம், அம்மா இன்னும் கடையிலேர்ந்து வரல, அவ சாம்பல் கலர்ல ஒரு கிரகத்துல இறங்கி நின்னா. கண்ணுக்கெட்டின தூரம் பொட்டல். ஹெட்போன்ல காத்து வீசுச்சு. ஊஊன்னு வந்துச்சு, அடங்குச்சு. அப்புறம் அந்த அடக்கத்துக்குள்ளேர்ந்து…

கர்ர்ரு. மெல்லிசா ஒரு விசில்.

அவ ஹெட்போனைக் கழட்டினா. தன் நெஞ்சுல கை வெச்சுப் பாத்தா. நெஞ்சு சுத்தமா இருந்துச்சு. மறுபடி மாட்டினா. கர்ர்ரு. அவளேதான். எங்கயோ ஒரு பொட்டல் காட்டுல அவ படுத்துக்கிட்டு இழுத்துக்கிட்டிருக்கா.

அப்பா வந்ததும் ஹெட்போன அவர் காதுல மாட்டிவிட்டா. அவர் கேட்டாரு. மூஞ்சி மாறுச்சு. ஹெட்போன கழட்டிட்டு, "ஏழாம் நம்பர் காத்து"ன்னாரு.

"அது நான்ப்பா."

"உன் ரூம் ஜன்னல் மழைக்காலத்துல விசிலடிக்கும்ல. அத எடுக்கறதுக்காக மைக்க வெச்சுட்டுப் போனேன். நீ மத்தியானம் மருந்து போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தே. உன் மூச்சு விழுந்த துண்ட வெட்டி எறியணும்னு தனியா வெச்சிருந்தேன் கண்ணு. கடைசி வாரம் அவசரத்துல… எல்லாத்தையும் கேட்டுப் பாத்தப்ப ஏழாம் நம்பர்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஏன் நல்லா இருக்குன்னு யோசிக்கல."

இத்தோட விட்டிருந்தா அது வீட்டுக்குள்ள ஒரு வேடிக்கையா போயிருக்கும். ஆனா அவளுக்கு மட்டுமா காது இருக்கு?

யாரோ ஒருத்தன் அந்தக் காத்த பதிவு பண்ணி, மெதுவா ஓட்டி, 'இது காத்து இல்ல, மூச்சு'ன்னு போட்டான். அவ்ளோதான். ரசிச்ச கூட்டத்துலேர்ந்து ஒரு கூட்டம் பிரிஞ்சு வந்துச்சு. காது கோஷ்டின்னு பேரு. விளம்பரத்துல சொன்னது பொய்யில்ல, உண்மையாவே ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு, ஒரு உயிர் எங்கயோ படுத்திருக்குன்னாங்க. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய அளந்தாங்க. நீளம்னா இது, குட்டைன்னா அதுன்னு கணக்குப் போட்டு, அதுலேர்ந்து திசை கண்டுபிடிச்சு, அந்தத் திசையில கப்பல ஓட்ட ஆரம்பிச்சாங்க. கூட்டங்கூட்டமா. அந்த இடைவெளிய கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போடுதுங்கறது அப்பாவுக்குத்தான் தெரியும். ஒரே மாதிரி வந்தா காது சலிச்சுடும்னு அவரே செஞ்ச ஏற்பாடு அது.

பாஸ் போன் பண்ணாரு. அப்பா எப்பவும் பெரிய ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, அதனால பூனைக்கும் கேட்டுச்சு.

"சவுண்டு சார், அது நிஜமா என்னது?"

அப்பா சொன்னாரு. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "சார், நீங்க தெய்வம். இத வெளிய விடாதீங்க. கம்பெனிய மூடற நெலமையில இருந்தோம், உங்க பொண்ணு மூச்சு குடுத்துட்டா."

"தம்பி, அவங்க நம்பி ஓடறாங்க…"

"ஓடட்டும் சார். விளையாடத்தான வந்தாங்க?"

காது கோஷ்டியில 'ஒத்தை விளக்கு'ன்னு ஒருத்தன். நிஜப் பேரு யாருக்கும் தெரியாது. அந்தக் கேம்ல கப்பலுக்கு முன்னாடி ஒரு விளக்கு இருக்கும். ஓட்டறவன் உள்ள இருக்கற வரைக்கும் எரியும். இவன் விளக்கு அணையறதே இல்ல, அதான் அந்தப் பேரு. பெரிய ஓட்டல்ல துணி வெளுக்கற பிரிவுல இருந்தவனாம், வேலைய விட்டுட்டான். ரூம்ல தனியா உக்காந்து, ஓட்டறத அப்படியே லைவ்ல போட்டுக்கிட்டு, அந்த மூச்சைத் தேடிப் போய்க்கிட்டே இருந்தான். மூஞ்சியக் காட்ட மாட்டான். குரல் மட்டும் வரும், தூக்கமில்லாத குரலு.

முதல்ல பூனை சும்மா வேடிக்கைக்குத்தான் பாத்தா. தன்னைத் தேடி ஒருத்தன் வானம் பூரா அலையறான்னா யாருக்குத்தான் பாக்கத் தோணாது? ஆனா ஒரு நாள் அவன் சொன்னான்: "இடைவெளி அதிகமாயிட்டே வருது. கவனிச்சீங்களா? அவளுக்கு முடியல. எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் வந்துச்சு. நான் அப்ப டூட்டியில இருந்தேன். போய்ச் சேரல." திரையில கப்பல் வேகம் ஏறுச்சு. "இந்தத் தடவை போய்ச் சேந்துடுவேன். அதுக்குள்ள அவ மூச்சு நின்னுடுச்சுன்னா, நானும் நிறுத்திக்குவேன். சும்மா சொல்லல."

கீழ டப்பா கோஷ்டிக்காரன் ஒருத்தன், 'சீக்கிரம் நிறுத்துப்பா, போர் அடிக்குது'ன்னு எழுதினான். காது கோஷ்டிக்காரங்க, 'விடாதே அண்ணா, நீதான் எங்க நம்பிக்கை'ன்னு எழுதினாங்க. ரெண்டுல எது மோசம்னு பூனைக்குத் தெரியல.

அவ அந்த லைவ் ஓடற இணையதளத்துக்குப் புகார் அனுப்பினா. 'உங்கள் அக்கறைக்கு நன்றி'ன்னு மெஷின் பதில் வந்துச்சு.

அன்னிக்கு சாயந்தரம் அப்பா என்னிக்கும் இல்லாத கலகலப்பா வீட்டுக்குள்ள வந்தாரு. "பூனை, உன்ன விடுதலை பண்ணிட்டேன். ஏழாம் நம்பர்லேர்ந்து உன்னை எடுத்தாச்சு. வெறும் காத்துதான் இனிமே. நாளைக்கு சாயந்தரம் அப்டேட் போகுது. பாஸும் சரின்னுட்டாரு, நானே எதிர்பாக்கல."

பூனை போன எடுத்து ஒத்தை விளக்கு பேசினத போட்டுக் காட்டினா. அப்பா நின்னபடியே கேட்டாரு. சட்டை பட்டன்ல வெச்ச கை அங்கயே நின்னுடுச்சு.

அவர் பாஸுக்குப் போன் பண்ணாரு. "தம்பி, அத எடுக்க வேணாம். பழையபடி போட்டுடலாம்."

"அட, எடுத்ததுதான் சார் சரி. மூச்சு நின்னா என்ன ஆகும், யோசிங்க. உலகமே இதத்தான் பேசும்."

"ஒரு பையன் செத்துப்போவான்."

"இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க சார். என்னை தினம் நூறு பேர் கொல்றாங்க. நான் உயிரோடதான இருக்கேன்?" சொல்லிட்டு சிரிச்சாரு. சிரிப்பு சரியா வரல. அவருக்கும் பயம்தான்னு பூனைக்குத் தோணுச்சு. ஆனா பயந்தவங்க எல்லாரும் நல்லது பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாதே.

அப்பா போன வெச்சுட்டு நேரா கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்தாரு. தன் நிஜப் பேர்லயே எழுதினாரு: 'சத்தம் சேத்தது நான். ஏழாம் நம்பர் காத்துல இருக்கறது என் மகளோட இழுப்பு. தப்பு நடந்துபோச்சு. எந்தக் கிரகத்துலயும் யாரும் இல்ல. தயவுசெஞ்சு திரும்பி வாங்க.'

ஊருக்கு முன்னாடி அவர் சேந்தாப்ல அத்தன வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. யார் நம்பினா? 'மாட்டிக்கிட்டதும் கதை விடறாங்க'ன்னாங்க டப்பா கோஷ்டி. 'பாவம், அவர மிரட்டி எழுத வெச்சிருக்காங்க, அப்ப நாம நெருங்கிட்டோம்'னாங்க காது கோஷ்டி. 'திரும்பி வாங்க'ங்கற வார்த்தையில என்ன ரகசியம்னு ஒரு தனி விவாதமே ஓடுச்சு. ஒத்தை விளக்கு படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னான்: "மகளா? அப்ப அவளுக்கு ஒரு அப்பாவும் இருக்காரு. நல்லது."

ராத்திரி மூச்ச பழையபடி போட்டுடலாம்னு பாத்தா, ஆபீஸ் கம்ப்யூட்டர் அப்பாவ உள்ள விடல. காலையில அவர் ஷூவ மாட்டிக்கிட்டு ஆபீஸுக்கே நேர்ல கேக்கப் போனாரு.

மத்தியானம் ஆச்சு. அம்மா கடையில. அப்பா போன எடுக்கல. பூனை அண்ணன் ரூமுக்குப் போனா.

"அண்ணா, என்னை அவன்கிட்ட கூட்டிட்டுப் போ. கேமுக்குள்ள. பக்கத்துல போனா பேசலாம்ல?"

"பேசி?"

"நான்தான்னு சொல்றேன்."

"அடி லூசு, நேத்துலேர்ந்து நாலு பொண்ணுங்க அவன்கிட்ட போய் 'நான்தான் அது'ன்னு இருமிக் காட்டியிருக்காளுங்க. நம்புவானா?"

அவ ஸ்டூலப் போட்டு ஏறி, பரண்ல இருந்த பழைய பஞ்சுத் தலகாணிய இழுத்தா. அவளுக்கு ஒத்துக்கலன்னு அம்மா மூட்டை கட்டிப் போட்டது. இன்ஹேலர எடுத்து அண்ணன் கையில வெச்சா.

"நான் கேட்டாலும் குடுக்காதே. அவன் நம்பற வரைக்கும்."

"பூனை, வேணாம்டி. அம்மா என்னை உரிச்சுடுவாங்க."

"சாயந்தரம் அந்த மூச்சு நிக்கப்போகுது அண்ணா. நின்னா அவன் போயிடுவான். அது என்னோடது. எடுத்தவரு அப்பா. யாரு தடுப்பா?"

அண்ணன் கேமுக்குள்ள போய் கப்பல எடுத்தான். டப்பா கோஷ்டி ஆளா இருந்தாலும் ஓட்டறதுல கெட்டிக்காரன். லைவ்ல தெரிஞ்ச இடத்த வெச்சு பாஞ்சு பாஞ்சு போயி, சாம்பல் கிரகம் ஒண்ணுல அந்த ஒத்தை விளக்கு எரியறதக் கண்டுபிடிச்சு பக்கத்துல எறக்கினான்.

"அண்ணா"ன்னு பூனை மைக்ல கூப்பிட்டா. "நீங்க தேடறது என்னைத்தான். எனக்கு ஒண்ணுமில்ல. நான் வீட்ல இருக்கேன்."

"போ பாப்பா."  கோவம்கூட இல்ல அந்தக் குரல்ல. "எனக்கு நேரமில்ல."

பூனை தலகாணியோட தையலைப் பல்லால கடிச்சுக் கிழிச்சா. மூஞ்சிய உள்ள புதைச்சு, வருஷக்கணக்கான தூசிய நெஞ்சு முட்ட இழுத்தா. ரெண்டு தடவை. மூணாவது தடவை இழுக்க வேண்டி வரல. உள்ள இருக்கற பூனை எழுந்துக்கிச்சு.

கர்ர்ரு. விசில்.

மைக்க வாய்கிட்ட வெச்சுக்கிட்டு அவ பேசாம மூச்சு விட்டா. அவ்ளோதான் அவ திட்டம். அந்தப் பக்கம் கிளம்பப் பாத்த கப்பல் நின்னுடுச்சு. கீபோர்டு தட்டற சத்தம்கூட இல்ல. அவன் கேட்டான். அவனைவிட அந்தச் சத்தத்த நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. பூனையோட அப்பாவுக்குக்கூட அவ்ளோ தெரியாது.

"நீதான்"னான் மெதுவா. "நீயேதான்."

பூனைக்கு ஆமான்னு சொல்லணும். வார்த்தைக்கு வேண்டிய காத்து இல்ல. நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்தாப்ல. அவ நெனச்சதவிட பெருசா வந்துடுச்சு. கையை நீட்டினா. அண்ணன் அவளப் பாத்தான், கையில இருந்த இன்ஹேலரப் பாத்தான். குடுக்காதேன்னு சொன்னாளே. இது நடிப்பா நிஜமா? ஒத்தை விளக்கு 'நீயேதான்'னு சொன்னது போதுமா? அந்தக் குழப்பத்துல ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டான்.

விசில் நின்னுடுச்சு. கர்ருங்கற சத்தமும் நின்னுடுச்சு. பூனைக்கு அது நல்லதில்லன்னு தெரியும். சத்தம் போனா உள்ள காத்தே போகலன்னு அர்த்தம்.

ஸ்பீக்கர்லேர்ந்து ஒரு அலறல். "யார்டா அங்க கூட இருக்கறது? அவளுக்கு மருந்தக் குடு! இது அந்தப் பழைய மூச்சு இல்லடா, இடைவெளியே தப்பா இருக்கு, மருந்தக் குடுடா முதல்ல! எங்கம்மா… டேய், குடுடா!"

அண்ணன் முழிச்சுக்கிட்டவன் மாதிரி பாஞ்சு வந்து இன்ஹேலர அவ வாயில வெச்சு அமுக்கினான். மறுபடி அமுக்கினான். அந்தக் குரல் விடாம, "நிமிந்து உக்கார வை, முதுகத் தாங்கு, ஆம்புலன்ஸக் கூப்பிடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பூனைக்குக் கடைசியா ஞாபகம் இருக்கறது திரையில சாம்பல் மண்ணுமேல விழுந்து கிடந்த ஒரு வெளிச்சம்.

கண்ணு முழிச்சப்ப ஆஸ்பத்திரி. மூஞ்சியில மாஸ்க், அதுலேர்ந்து புஸ்ஸுனு ஆவி. அம்மா கடை யூனிபார்மோட கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க. மாஸ்க்க சரியா இழுத்து விட்டாங்க. அப்புறம், "உன் மூச்சு என்ன விளையாட்டுச் சாமானாடி?"ன்னாங்க. அந்தப் பக்கம் திரும்பி அப்பாவையும் அதே பார்வை பாத்தாங்க. அப்பா சுவர்ல சாய்ஞ்சு நின்னாரு. வேலை போயிடுச்சுன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கல.

அண்ணன் மூலையில உக்காந்து அழுதுட்டிருந்தான். அவன் அழுது அவ பாத்ததே இல்ல.

"அவன்?"னு மாஸ்குக்குள்ளேர்ந்து கேட்டா.

அண்ணன் மூக்கத் தொடச்சுக்கிட்டு சொன்னான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒத்தை விளக்கு பேசிக்கிட்டே இருந்திருக்கான். உங்களுக்குன்னு யாரும் இல்லியாண்ணான்னு இவன் கேட்டிருக்கான். அக்கா ஒருத்தி இருக்கா, பேசறதில்லன்னு சொல்லிட்டு லைவ்வ அணைச்சுட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு அவன்கிட்டேர்ந்து அக்காவோட போன் நம்பர் மட்டும் வந்துச்சு. கூட ஒரு வார்த்தை இல்ல. அப்பா அந்த நம்பருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு பேசினாரு. பேசத் தெரியாத மனுஷன் என்ன பேசினாரோ, அந்த அக்கா இருந்த இடத்துலேர்ந்து அப்படியே கிளம்பிப் போயிருக்கு. கதவு உள்பக்கம் தாழ். ஆளக் கூட்டி உடைச்சுத் திறந்திருக்காங்க. தரையில உக்காந்து திரையப் பாத்துக்கிட்டிருந்தானாம், எலும்பும் தோலுமா. சாயந்தரம் அப்டேட் வந்து காத்துல மூச்சு நின்னப்ப, அக்கா அவன் கையக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சாம்.

அப்ப காப்பாத்தியாச்சு, இல்ல? பூனையும் அப்படித்தான் நெனச்சா.

ஆனா அந்த லைவ்வ எத்தன ஆயிரம் பேர் கேட்டாங்க. டப்பா கோஷ்டி, 'சூப்பர் நடிப்பு, கம்பெனி செட்டப்பு'ன்னாங்க. காது கோஷ்டி புது மூச்ச வெட்டி எடுத்து, மெதுவா ஓட்டி, பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு அளக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவ மூச்சு நின்ன அந்த ஒரு இடத்த தனியா வெட்டி, அதுல பெரிய ரகசியம் இருக்குன்னு சொல்லி, திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. யாரோ பூனை வீட்டுத் தெருவரைக்கும் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அண்ணன் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னான். அப்புறம் இல்ல இல்லன்னான். 'கரையில்லா வானம்' முன்னவிட நல்லாப் போகுதாம்.

அப்பா மைக்கையெல்லாம் பெட்டியில போட்டு டேப் ஒட்டிட்டாரு. வீடு கம்முனு கிடக்கு. ஃபிரிட்ஜு மட்டும் ராக்கெட் மாதிரி உறுமிக்கிட்டிருக்கு.

ஒத்தை விளக்கு தினமும் பூனை போனுக்கு செய்தி அனுப்பறான். அக்கா வீட்லதான் இருக்கானாம், டாக்டர்கிட்ட போறானாம். அந்த அக்காதான் பூனையோட அம்மாகிட்ட சொல்லுச்சு. அவன் அனுப்பறது ஒரே வார்த்தை.

'மூச்சு?'

அவ 'இருக்கு'ன்னு பதில் போடுவா. அதோட சரி. அடுத்த நாள் வரைக்கும் ஒண்ணும் வராது.

ஒரு நாள் போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து போட்டப்ப திரை பூரா வரிசையா நின்னுச்சு. மூச்சு? மூச்சு? மூச்சு? அவ தோள்ல இருந்த பையக்கூட எறக்காம 'இருக்கு'ன்னு அடிச்சு அனுப்பினா. இத அவ அம்மாகிட்ட சொல்லல, அண்ணன்கிட்டயும் சொல்லல. சொன்னா போனப் பிடுங்கிடுவாங்க. பிடுங்கிட்டா யாரு பதில் சொல்றது?

எத்தன நாளைக்குன்னு அவளுக்குத் தெரியல. மழைக்காலம் வேற வரப்போகுது. ஜன்னல் இப்பவே லேசா விசிலடிக்குது.

இன்னிக்கும் வந்துச்சு, 'மூச்சு?'ன்னு. அவ எழுதிட்டு உடனே அனுப்பல. கண்ண மூடி, நெஞ்சுல கை வெச்சு, உள்ள ஒரு தடவை கேட்டுப் பாத்தா. பொய் சொல்லக்கூடாதில்ல.

அப்புறம்தான் அனுப்பினா.